பழைய கேம்கார்டர் கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது வரும் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வீட்டு அலமாரிகளில் இன்று கிடைக்கும் கேம்கார்டர் கேசட்டுகள் பெரும்பாலும் நான்கு வகையைச் சேர்ந்தவை: விஎச்எஸ்-சி, வீடியோ 8 (அதன் மேம்பட்ட வடிவமான ஹை 8 உட்பட), டிஜிட்டல் 8, மினிடிவி. கடைசிப் பெயரில் உள்ள 'டிவி' டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அதற்கும் உறவில்லை. முதல் இரண்டும் அனலாக், பின்னிரண்டும் டிஜிட்டல். அனலாக் கேசட்டிலிருந்து வரும் மின் அலையை ஒரு கருவி அளந்து புதிதாக எண்களாக்க வேண்டியிருக்கிறது. டிஜிட்டல் கேசட்டிலோ எண்கள் முன்பே எழுதப்பட்டிருப்பதால், அவற்றை அப்படியே கணினிக்கு நகலெடுத்தால் போதும். ஆகவே ஒரே அறிகுறி இரு வகையிலும் வெவ்வேறு காரணத்தால் எழக்கூடும்.

எந்தக் கேசட்டையும் கேமராவுக்குள் இடுவதற்கு முன்பு அதன் அழிப்புத் தடுப்பைப் பூட்டிவிட வேண்டும். மினிடிவியில் முதுகுப் பக்கமுள்ள சிறு தாழை 'சேவ்' என்ற பக்கம் தள்ள வேண்டும். 8 மில்லிமீட்டர் கேசட்டுகளில் (வீடியோ 8, ஹை 8, டிஜிட்டல் 8) சிவப்பு நிறம் வெளியே தெரியும்படி தாழை நகர்த்த வேண்டும். பிறகு, கேமராவை பேட்டரியில் ஓட்டாமல் மின் அடாப்டரில் இணைக்க வேண்டும். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவாக இருந்தால், ஓடவிடுவதற்கு முன் ஒருமுறை கடைசிவரை சுற்றி, மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்வது நல்லது. ஒட்டிக்கிடந்த சுற்றுகள் பிரிந்து, இழுவிசை சீராகும்.

இதன்பின் எந்தப் பிழை வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தப் பிழை கேமராவின் சொந்தத் திரையிலும் தெரிகிறதா, கணினியில் மட்டும் தெரிகிறதா? கேமராத் திரையில் படம் சுத்தமாக ஓடினால் நாடாவும், அதைப் படிக்கும் காந்த முனையான ஹெட்டும் பெரும்பாலும் நலமாக இருக்கின்றன. கோளாறு கேபிளிலோ, போர்ட்டிலோ, மென்பொருளிலோ இருக்கிறது. 'கேசட் போய்விட்டது' என்று சொல்லி உறவினர்கள் என்னிடம் கொடுத்தவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு சோதனையிலேயே பிழைத்துவிட்டன. கோளாறு வெளியே இருக்கும்போது கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, மிச்சமிருக்கும் அதன் ஆயுளை வீணே தேய்ப்பதாகும்.

கேமரா கேசட்டை ஏற்கவில்லை, அல்லது விழுங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கேமராவிலும், மழைக்காலத்தில் திறந்த கேமராவிலும் ஈரம் படிந்த எச்சரிக்கை தோன்றலாம். நீர்த்துளி வடிவக் குறியாகவோ, சோனி கேமராக்களில் சி:21:00 என்ற எண்ணாகவோ அது வரும். கேசட் அறையைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் காத்திருப்பதைத் தவிர வேறு மருந்து தேவையில்லை. முடி உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றைச் செலுத்தக் கூடாது. சி:22:00 என்றால் ஹெட்டைத் துடைக்க வேண்டும் என்று பொருள். சி:31 அல்லது சி:32 என்று தொடங்கும் எண் இயந்திரப் பகுதியில் சிக்கல் என்பதைக் காட்டும். பேட்டரியையும் அடாப்டரையும் சற்று நேரம் கழற்றிவைத்து மீண்டும் இணைத்தால் சில வேளைகளில் அது தானாகவே நீங்கிவிடும்.

கேசட் அறையை மூடும்போது செய்யப்படும் தவறு ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் சிறு தொட்டிலில் 'புஷ்' என்று எழுதிய இடத்தை மட்டும் அழுத்தி, அது தானாக உள்ளே இறங்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே வெளிக் கதவை மூட வேண்டும். அவசரப்பட்டு வெளிக் கதவைத் தள்ளினால் தொட்டில் கோணி, கேசட் சிக்கிக்கொள்ளும். சிக்கிய கேசட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்புவோர் பெரும்பாலும் நாடாவையும் கேமராவையும் ஒருசேர இழக்கிறார்கள். அறுந்த நாடாவை செலோடேப்பால் ஒட்டுவதும் அதைப் போன்றதே: அதன் பசை கசிந்து, சுழலும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும்.

கேசட்டின் சாளரம் வழியே பார்க்கும்போது, சுற்றிய நாடாவின் பக்கவாட்டில் வெண்பொடியோ சிலந்தி வலை போன்ற இழையோ தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களில், ஈரப்பதம் மிகுந்த வீடுகளில், பீரோவின் அடித்தட்டில் கிடந்த கேசட்டுகளில் இது வெகு சாதாரணம். அதனைக் கேமராவில் ஓட்டவே கூடாது. பூஞ்சை ஹெட்டை அடைப்பதோடு, அடுத்து இடப்படும் நல்ல கேசட்டுகளுக்கும் தொற்றும். அப்படிப்பட்ட கேசட்டைத் தனியே ஒரு பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைத்து, நாடாவைத் துடைக்கும் கருவி உள்ளவர்களிடம் கொடுப்பதே முறை.

கேமராத் திரையில் படம் ஓடுகிறது, ஆனால் கணினிக்குக் கேமரா தெரியவில்லை

மினிடிவி, டிஜிட்டல் 8 கேசட்டுகளில் மிகுதியாக வரும் சிக்கல் இதுவே. இதற்குரிய இணைப்பின் பெயர் ஃபயர்வயர். பொறியாளர் தரத்தில் ஐஇஇஇ 1394, சோனி கேமராக்களில் ஐ.லிங்க், வேறு சில கேமராக்களில் வெறுமனே 'டிவி' என்று எழுதியிருக்கும். எல்லாம் ஒன்றே. கேமராவில் இருப்பது 4 ஊசிகள் கொண்ட சிறிய துளை. கணினிப் பக்கத்தில் 4, 6 அல்லது 9 ஊசி கொண்ட துளை இருக்கலாம்.

அதே கேமராவில் யுஎஸ்பி துளையும் இருப்பதைக் கண்டு, அதிலேயே கேபிளைச் செருகிப் பார்ப்பது இயல்பு. பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் அந்தத் துளை, மெமரி கார்டில் உள்ள நிழற்படங்களை எடுப்பதற்காகவும் கேமராவை இணைய உரையாடலுக்குப் பயன்படுத்துவதற்காகவும் வைக்கப்பட்டது. அதன் வழியே நாடாவிலுள்ள படம் வந்தாலும், சுருங்கிய, தரம் குறைந்த படமாகவே வரும். அதைவிடப் பெரிய ஏமாற்றம், ஒரு முனையில் ஃபயர்வயரும் மறுமுனையில் யுஎஸ்பியும் கொண்ட மலிவான கேபிள். நானும் ஒரு காலத்தில் அதை வாங்கி, இரண்டு மாலைப்பொழுதுகளை டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்) தேடுவதில் செலவிட்டேன். ஃபயர்வயரும் யுஎஸ்பியும் அடிப்படையிலேயே வேறுபட்ட முறைகள். இடையில் மாற்றித் தரும் மின்சுற்று இல்லாத வெறும் கம்பி எந்த டிரைவராலும் வேலை செய்யாது.

சரியான கேபிள் இருந்தும் கேமரா தெரியவில்லை என்றால், பின்வரும் வரிசையில் பார்க்க வேண்டும். முதலாவது, கேமராவின் விசை பதிவு நிலையில் இல்லாமல் விசிஆர் அல்லது பிளே என்ற நிலையில் இருக்கிறதா என்பது. இரண்டாவது, கேமரா எச்டிவி வகையாக இருந்தால், மெனுவில் எச்டிவி, டிவி என்ற இரண்டில் எது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பது. எச்டிவி முறை அதே மினிடிவி கேசட்டில் 1440 × 1080 அளவில் உயர்தரப் படத்தை எழுதியது. நாடாவில் பழைய டிவி பதிவு இருக்க மெனு எச்டிவியில் நின்றால், கணினி கேமராவைக் கண்டுகொண்டாலும் படம் வராது. மெனுவை மாற்றும்போது கேபிளைக் கழற்றிவிட்டு, மாற்றிய பின் மீண்டும் செருக வேண்டும்.

மூன்றாவது, கணினியின் டிரைவர். விண்டோஸ் 7 வரை ஃபயர்வயருக்கு இரண்டு டிரைவர்கள் உடன் வந்தன. விண்டோஸ் 8 முதல் அவற்றுள் 'லெகசி' என்ற பழையது நீக்கப்பட்டது. கேம்கார்டர்கள் பல அந்தப் பழைய டிரைவரோடுதான் ஒத்துப்போகின்றன. மைக்ரோசாஃப்ட் அதைத் தனிக் கோப்பாக வெளியிட்டது. அதை நிறுவியபின், டிவைஸ் மேனேஜரில் 1394 கன்ட்ரோலரைத் தேர்ந்து, டிரைவரைக் கையால் மாற்றி, பட்டியலில் 'லெகசி' என்று முடியும் பெயரைக் குறிக்க வேண்டும். மேசைக் கணினியில் புதிதாக ஃபயர்வயர் கார்டு பொருத்துவோருக்கு என் பரிந்துரை, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு கொண்ட கார்டை வாங்குவதே. விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் தொல்லை குறைவு.

மேக் கணினியில் தண்டர்போல்ட் துளையிலிருந்து ஃபயர்வயருக்கு மாற்றும் ஆப்பிள் அடாப்டர்களைச் சங்கிலியாகக் கோத்து வேலையை முடித்தவர்கள் பலர். ஆனால் 2025-இல் வெளிவந்த மேக்ஓஎஸ் தஹோவில் ஃபயர்வயர் ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது. நேற்றுவரை ஓடிய அமைப்பு இன்று கேமராவைக் காணவில்லை என்றால், இடையில் இயங்குதளத்தைப் புதுப்பித்தோமா என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கென்று பழைய மடிக்கணினி ஒன்றை, ஃபயர்வயர் துளையுள்ளதாகப் பார்த்து, புதுப்பிக்காமல் ஒதுக்கி வைப்பது சிக்கனமான வழி. லினக்ஸ் நிறுவிய பழைய கணினியில் டிவிகிராப் என்ற சிறு கருவி எந்த ஆரவாரமும் இல்லாமல் இதைச் செய்துமுடிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 6 ஊசித் துளை மின்சாரத்தையும் கடத்துவது. அதில் 30 வோல்ட் வரை வரலாம். தேய்ந்த துளையில் கேபிளைத் தலைகீழாகத் திணித்தால் கேமராவின் ஃபயர்வயர் சுற்று ஒரு நொடியில் எரிந்துபோகும். எரிந்த பின்னும் கேமராத் திரையில் படம் வழக்கம்போல ஓடும். கணினிக்கு மட்டும் கேமரா என்றென்றைக்கும் தெரியாது. எனவே கணினியையும் கேமராவையும் அணைத்துவிட்டே கேபிளைச் செருக வேண்டும். வேறு கேபிள், வேறு கணினி என்று எல்லாம் மாற்றிப் பார்த்தும் தெரியாத கேமராவை, போர்ட் இறந்ததாகக் கருதி, நாடாவை வேறொரு கேமராவில் ஓட்டுவது நல்லது.

படம் கட்டங்கட்டமாகச் சிதறுகிறது

டிஜிட்டல் நாடாவில் பிழை வந்தால் படம் மங்குவதில்லை, சதுரக் கட்டங்களாக உடைகிறது. உடைவின் வடிவத்தைக் கவனித்தால் காரணம் புலப்படும்.

மினிடிவியில் ஒரு ஃபிரேம், அதாவது ஓடும் படத்தின் ஒரு தனிப் படம், முழுவதும் ஒரே கோட்டில் எழுதப்படுவதில்லை. நம் நாட்டு 'பால்' என்ற தொலைக்காட்சி முறையில் அது 12 தடங்களாகவும், அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் 10 தடங்களாகவும் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு தடமும் படத்தின் ஒரு கிடைமட்டப் பட்டையைத் தாங்குகிறது. சுழலும் உருளையில் உள்ள இரண்டு ஹெட்டுகள் மாறி மாறி இந்தத் தடங்களைப் படிக்கின்றன. ஆகவே படத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டைகள் உறைந்தோ சிதறியோ தெரிந்தால், ஒரு ஹெட் அடைபட்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். மொத்தப் படமும் நீலமாகவோ கறுப்பாகவோ போனால் இரண்டும் அடைபட்டிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் பதிவே இல்லாமல் இருக்கலாம். எப்போதாவது ஓரிரு கட்டம் மின்னி மறைந்தால் அது நாடாவின் மேல்பூச்சு உதிர்ந்த புள்ளி. அதற்காக ஹெட்டைத் துடைக்க வேண்டியதில்லை.

அடைபட்ட ஹெட்டுக்கு முதல் மருந்து உலர் வகை ஹெட் கிளீனர் கேசட். அதைப் பெட்டியில் எழுதியுள்ள நேரத்துக்கு, பொதுவாகச் சில நொடிகளுக்கு மட்டும், ஓட்டி நிறுத்த வேண்டும். அதன் நாடா உப்புத்தாள் போன்றது. நிமிடக்கணக்கில் ஓட்டினால் அழுக்கோடு ஹெட்டும் தேயும். இரண்டு மூன்று முறை செய்தும் பட்டைகள் மறையாவிட்டால், கையால் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியால் ஹெட்டைத் தேய்க்கவே கூடாது. பஞ்சிழை ஹெட்டின் முனையில் மாட்டி அதை முறித்துவிடும்.

ஹெட் சுத்தமாக இருந்தும், ஒரு குறிப்பிட்ட கேசட் மட்டும் சிதறுகிறது, மற்றவை நன்றாக ஓடுகின்றன என்றால், அது எல்பி முறையில் பதிவானதா என்று பார்க்க வேண்டும். 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் பதிவதற்காகத் தடங்களை நெருக்கி எழுதும் முறை அது. வழக்கமான எஸ்பி தடத்தின் அகலம் 10 மைக்ரான், எல்பியில் 6.7 மைக்ரான்தான். ஒரு கேமரா எழுதிய இவ்வளவு மெல்லிய தடத்தை இன்னொரு கேமரா பிசகாமல் படிப்பது அரிது. பதிவு செய்த அதே கேமரா உயிரோடிருந்தால் அதுவே சிறந்த வழி. இல்லையேல் இரண்டு மூன்று கேமராக்களில் முயன்று, நன்றாகப் படிக்கும் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கஞ்சத்தனமாக நீட்டிய அந்த அரை மணி நேரத்துக்கு இருபது ஆண்டுகள் கழித்து வட்டி கட்டுகிறோம் என்று தோன்றுவதுண்டு.

சிதறல் ஒவ்வொரு ஓட்டத்திலும் வெவ்வேறு இடத்தில் வருமானால் அதுவும் நற்செய்தியே. ஒரே நாடாவை இரண்டு மூன்று முறை கணினிக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதிகளைச் சேர்த்து முழுமையான ஒரு கோப்பாக்க முடியும். மீடியாஏரியா என்ற மென்பொருள் நிறுவனமும், மிப்பாப்ஸ் என்ற அமெரிக்கப் படப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய டிவிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதைத் தானே செய்கிறது. எந்த ஃபிரேமில் எவ்வளவு பிழை என்பதையும் அது வரைபடமாகக் காட்டும். கேமரா சில பிழைகளை முந்தைய ஃபிரேமின் துண்டைக் கொண்டு ஒட்டுப்போட்டு மறைத்துவிடுவதால், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் பகுதியிலும் இழப்பு இருக்கலாம். அதை இந்த வரைபடமே வெளிப்படுத்துகிறது.

கேமராத் திரையில் சிதறல் இல்லை, கணினிக் கோப்பில் மட்டும் படம் வெட்டுகிறது அல்லது தாவுகிறது என்றால் ஹெட்டைத் தொடாதீர்கள். ஃபயர்வயர் வழியே வரும் படம் ஆறு போல ஓடிக்கொண்டே இருக்கும். கணினி ஒரு கணம் தவறவிட்டதைக் கேமரா திரும்ப அனுப்பாது. மடிக்கணினியின் மின்சேமிப்பு முறையை நிறுத்துவதும், வெளி வன்தட்டைத் தவிர்த்து உள்வட்டிலேயே பதிவதும், பதிவு முடியும்வரை வேறு எதையும் திறக்காமல் இருப்பதும் பெரும்பாலும் போதும்.

பதிவு நடுவில் நின்றுவிடுகிறது

மினிடிவிப் படம் நொடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட் இடம் கொள்ளும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 13 ஜிபி தேவை. பதிவு ஏறத்தாழ 20 நிமிடத்தில் நின்று, கோப்பின் அளவு 4 ஜிபி என்று இருந்தால், அந்த வட்டு ஃபேட் 32 முறையில் வடிவமைக்கப்பட்டது என்று பொருள். அம்முறை 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் தீரும், ஆனால் மாற்றும்போது வட்டில் உள்ளவை அழிந்துவிடும். ஒன்பதரை நிமிடத்தில், 2 ஜிபியில் நின்றால் அது பழைய ஏவிஐ கோப்பு வடிவத்தின் எல்லை. மென்பொருளின் அமைப்புகளில் கோப்பு வகையை மாற்ற வேண்டும்.

நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் நாடாவின் அதே காட்சியாக இருந்தால், அங்கே டைம்கோடு, அதாவது ஒவ்வொரு ஃபிரேமோடும் நாடாவில் பதியும் நேர எண், அறுந்திருக்கிறது. பதிவின் நடுவில் யாரோ கேசட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சற்று இடம் விட்டு மீண்டும் பதிவைத் தொடங்கினால் அந்த இடைவெளியில் டைம்கோடு இருக்காது. அதன்பின் எண்ணிக்கை மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். எடிட்டிங் மென்பொருள்கள் பல இங்கே நாடா முடிந்ததாகக் கருதி நின்றுவிடும். டைம்கோடு அறும்போதும் ஃபிரேம் தவறும்போதும் நிறுத்து என்ற அமைப்புகளை நீக்கிவிட வேண்டும். இந்தக் காரணத்தாலேயே பெரிய எடிட்டிங் மென்பொருளைவிட வின்டிவி போன்ற சிறு கருவிகளை நான் விரும்புகிறேன். காட்சி மாறும் இடத்தில் கோப்பைப் பிரித்து, நாடாவில் பதிந்துள்ள நாள், நேரத்தையே கோப்பின் பெயராக வைக்கவும் அதனால் முடியும்.

அனலாக் கேசட்: படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, உருள்கிறது, வளைகிறது

வீடியோ 8, ஹை 8 கேசட்டுகளுக்கு, முடிந்தால் ஒரு டிஜிட்டல் 8 கேமராவைத் தேடிப் பிடியுங்கள். 1999-இல் வந்த அந்த வகைக் கேமராக்கள் பல, பழைய அனலாக் 8 மில்லிமீட்டர் நாடாவையும் படித்து, உள்ளேயே டிஜிட்டலாக்கி, ஃபயர்வயரில் அனுப்பும். எல்லா மாடல்களுக்கும் இந்தத் திறன் இல்லை; வாங்கும் முன் கையேட்டைப் பார்க்க வேண்டும். வாய்த்துவிட்டால் கீழே வரும் தொல்லைகளில் பாதி எழாது. விஎச்எஸ்-சி கேசட்டை உரிய அடாப்டர் உறையில் இட்டுச் சாதாரண விஎச்எஸ் பிளேயரில் ஓட்டலாம். 8 மில்லிமீட்டருக்கு அப்படி ஓர் உறை கிடையாது.

அனலாக் அலையை எண்களாக்கும் யுஎஸ்பி கேப்சர் கருவி வழியே எடுக்கும்போது படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், முதலில் மென்பொருளில் தேர்ந்த உள்ளீட்டைப் பார்க்க வேண்டும். கேபிள் மஞ்சள் முனையில் இருக்க, மென்பொருளில் எஸ்-வீடியோ என்ற வேறு உள்ளீடு குறிக்கப்பட்டிருந்தால் நிறம் காணாமல் போகும். அது சரியாக இருந்தும் நிறம் இல்லை, அல்லது படம் மேலும் கீழுமாக உருள்கிறது என்றால் பால், என்டிஎஸ்சி குழப்பம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பால் முறையைப் பின்பற்றியவை. அமெரிக்காவும் கனடாவும் என்டிஎஸ்சி. டொராண்டோவிலிருந்து அத்தை அனுப்பிய கேசட்டும் திருச்சியில் எடுத்த கேசட்டும் ஒரே பெட்டியில் கிடப்பது நம் வீடுகளில் வழக்கமாதலால், கேசட்டைக் கையில் எடுத்தவுடன் எந்த நாட்டுக் கேமரா அதைப் பதிவு செய்தது என்று கேட்டு மேலே எழுதிவைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். பால் முறைக் கேமராக்கள் பெரும்பாலும் என்டிஎஸ்சி நாடாவைச் சரிவரப் படிப்பதில்லை. அந்தக் கேசட்டுக்கு அந்த ஊர்க் கேமராவே வேண்டும்.

படமே இல்லை, ஒலி முனையில் மட்டும் 'ர்ர்' என்ற இரைச்சல் கேட்கிறது என்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். கேமரா பக்கம் ஒற்றை 3.5 மில்லிமீட்டர் முனையும் மறுபக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளும் கொண்ட கேபிள்கள் எல்லாம் ஒன்றுபோல் தோன்றினாலும், உள்ளே கம்பிகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மஞ்சளுக்குப் பதில் சிவப்பு முனையைப் படத் துளையில் செருகிப் பாருங்கள். படம் அங்கே ஒளிந்திருப்பது உண்டு.

படத்தின் அடிவிளிம்பில் சில கோடுகள் எப்போதும் கிழிந்து நெளிவதைக் கண்டு பலர் கலங்குகிறார்கள். அது கோளாறே இல்லை. ஒரு ஹெட் முடித்து மற்றொன்று தொடங்கும் இடம் அது. பழைய பெட்டித் தொலைக்காட்சிகள் அந்த விளிம்பைத் திரைக்கு வெளியே தள்ளி மறைத்துவிட்டன. எடிட்டிங்கில் அந்தக் கோடுகளின் மேல் கறுப்புப் பட்டை வைத்தால் போதும். மாறாக, மேல் விளிம்பு கொடிபோல் ஒருபக்கம் வளைந்தாலும், நேர்க்கோடுகள் நடுங்கினாலும், அடிக்கடி ஃபிரேம்கள் தவறினாலும், நாடா சீரான நேர அளவில் ஓடவில்லை என்று பொருள். டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இதைச் சீர்செய்யும். விலை கருதித் தயங்குவோர், பானசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 ஆகிய பழைய டிவிடி ரெக்கார்டர்களைக் கேமராவுக்கும் கேப்சர் கருவிக்கும் இடையே வைத்து, எதையும் பதியாமல் படத்தை அதன் வழியே கடத்திவிடுகிறார்கள். வளைவு பெரிதும் நிமிர்ந்துவிடுகிறது.

ஒலி இல்லை, அல்லது உதட்டசைவோடு ஒட்டவில்லை

யுஎஸ்பி கருவியில் படம் வந்து ஒலி மட்டும் வராவிட்டால், விண்டோஸ் 10, 11-இல் தனியுரிமை அமைப்புகளைத் திறந்து, மென்பொருளுக்கு மைக்ரோஃபோன் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேப்சர் கருவியின் ஒலியையும் விண்டோஸ் மைக்ரோஃபோன் என்றே கருதுகிறது. மினிடிவியில் ஒலி மெல்லியதாகவோ வெறுமையாகவோ இருந்தால் கேமராவின் மெனுவில் 'ஆடியோ மிக்ஸ்' என்பதைப் பார்க்க வேண்டும். 12 பிட் முறையில் பின்னணி இசை சேர்ப்பதற்காக இரண்டாவது ஸ்டீரியோ இணை ஒன்று உண்டு. ஒலியின் சமநிலை அந்தக் காலி இணையின் பக்கம் சாய்ந்திருந்தால் கேமராவில் அசல் ஒலி கேட்காது.

தொடக்கத்தில் ஒட்டியிருந்த ஒலி, போகப் போக விலகுகிறது என்றால் ஃபிரேம்கள் தவறியிருக்கின்றன. பால் முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். 25 ஃபிரேம் தவறினால் படம் ஒலியைவிட ஒரு நொடி முந்திவிடும். ஒலியை நீட்டிச் சுருக்கிச் சரிசெய்வதைவிட, முன்னே சொன்னபடி தவறலை நிறுத்தி மறுபடி எடுப்பதே சுருக்கமான வழி. மினிடிவியில், ஒரு குறிப்பிட்ட காட்சியிலிருந்து குரல் திடீரெனக் கீச்சென்றோ கரகரப்பாகவோ மாறினால், அங்கே பதிவு 32 கிலோஹெர்ட்சிலிருந்து 48 கிலோஹெர்ட்சுக்கோ மறுதலையாகவோ மாறியிருக்கிறது. கோப்பை அந்த இடத்தில் இரண்டாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு துண்டும் சரியான வேகத்தில் ஒலிக்கும்.

எடிட்டிங்கில் சீப்புப் பல் போன்ற கோடுகள், ஒடுங்கிய முகங்கள்

கைகால் வேகமாக அசையும் இடங்களில் சீப்புப் பல் போன்ற கிடைக்கோடுகள் தெரிவது நாடாவின் குற்றமன்று. இந்தக் கேமராக்கள் ஒரு ஃபிரேமை இரண்டு பாதிகளாக, ஒற்றைக் கோடுகளை ஒரு கணத்திலும் இரட்டைக் கோடுகளை அடுத்த கணத்திலும், பதிந்தன. கணினித் திரை இரண்டையும் ஒருசேரக் காட்டுவதால் பல் தெரிகிறது. கடைசியாக வெளியிடும் பிரதியில் மட்டும் டீஇன்டர்லேஸ், அதாவது பாதிகளை முழுப் படங்களாக்கும் மாற்றம், செய்ய வேண்டும். அப்போதும் நொடிக்கு 25 படமாகச் சுருக்காமல் 50 படமாக விரித்தால் அசைவின் வழுவழுப்பு குன்றாது. டீஇன்டர்லேஸ் செய்தபின் அசைவு முன்னும் பின்னுமாகத் துள்ளினால், எந்தப் பாதி முதலில் என்ற வரிசை தலைகீழாகியிருக்கிறது. டிவி வடிவத்தில் கீழ்ப்பாதியே முதல்.

பால் முறைப் படம் 720 × 576 புள்ளிகள் கொண்டது. அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. வழக்கமான 4:3 படத்தை 768 × 576 ஆகவும், அகலத்திரையில் பதிந்ததை 1024 × 576 ஆகவும் விரித்தால் முகங்கள் இயல்பான வடிவம் பெறும். எடிட்டிங் மென்பொருளில் காட்சியின் பண்புகளைத் திறந்து, 4:3 அல்லது 16:9 என்று சரியாகக் குறித்தாலே இது நடந்துவிடும். பக்கங்களில் கறுப்புப் பட்டை வருகிறதே என்று 4:3 படத்தை அகலத்திரைக்கு இழுப்பவர்கள், மணமக்களுக்கு இல்லாத சதையை ஏற்றிவிடுகிறார்கள்.

எடிட்டிங்குக்காக எம்பி4 ஆக மாற்றிய பின், 13 ஜிபி அசல் கோப்பை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடும் பழக்கம் இருக்கிறது. எம்பி4 ஆக்கும்போது படத்தின் நுணுக்கம் குறைவதோடு, டிவி கோப்பின் ஒவ்வொரு ஃபிரேமிலும் பதிந்திருக்கும் நாளும் நேரமும் பொதுவாகக் காணாமல் போய்விடும். கேமராவின் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்தால், ஒரு குழந்தை எந்த நாள் எத்தனை மணிக்கு முதல் அடி எடுத்து வைத்தது என்பதைச் சொல்லக்கூடிய பதிவு அது ஒன்றே. அசலை இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்து, இரண்டையும் ஒருமுறை தொடக்கம் முதல் முடிவுவரை ஓட்டிப் பார்த்த பிறகே கேசட்டை உறையில் இட்டு, நெட்டுக்குத்தாக, உலர்ந்த இடத்தில் எடுத்துவைக்கலாம்.